கைகாட்டி முனி

என் நிலத்தில் அணுக் கழிவு எதையும் புதைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாகூர் கடைத்தெருவில் இன்னும் இரண்டு பேர் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். குழி வெட்டினார்கள், உண்மை. அதை மறுபடி மூடினார்கள், அதுவும் உண்மை. நடுவில் நானே குழிக்குள் இறங்கி மண்ணைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். குழிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அது போதும்.

என் பேர் பக்கிரி. பாகூர் ஏரிக்குக் கீழே எனக்கு ஒரு காணி நிலம். அதன் வடமேற்கு மூலையில் என் போர்வெல் இருக்கிறது. சுற்றி போர் போட்டவன் எல்லாம் உப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனான். அந்த மூலையில் மட்டும் நல்ல தண்ணீர். அந்த மூலை போய்விட்டால் மிச்ச நிலத்தில் நான் கபடிதான் ஆட வேண்டும். போன ஆடி மாதம் அது போகிற மாதிரி ஆகிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆனி கடைசியில் ஒரு வேன் வந்தது. ஐந்தாறு பேர் இறங்கினார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு பெண். பேர் அர்ச்சனா, சென்னை. முப்பது வயது இருக்கும். ஷூ போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தாள். இரண்டு தடவை சேற்றில் கால் வைத்தாள். ஆனாலும் சிரித்துக்கொண்டே வந்தாள். சிரித்துக்கொண்டே வருகிறவர்களை நான் நம்புவதில்லை.

"வணக்கம் தாத்தா. நாங்க ஒரு டாக்குமெண்டரி எடுக்கிறோம்."

"தாத்தாவா? உங்கப்பனுக்கு என் வயசு இருக்கும்."

"சரிங்க ஐயா. அணு யுகத்துல மனுஷனோட எதிர்காலம் எப்படி இருக்கும்னு ஒரு படம்."

"ஹீரோ யாரு?"

"ஹீரோன்னு யாரும் இல்லீங்க. மனித குலம்தான்."

"அப்ப ஒருத்தனும் பாக்கமாட்டான்."

அவள் அரை மணி நேரம் விளக்கினாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். அணுவிலிருந்து கரண்டு எடுத்தால் கடைசியில் ஒரு கழிவு மிஞ்சும். அதைப் பூமிக்கடியில் ஆழமாகப் புதைக்க வேண்டும். பத்தாயிரம் வருஷம் ஆனாலும் அதன் விஷம் இறங்காது. அவ்வளவு காலம் கழித்து வருகிறவனுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. விவரம் தெரியாமல் தோண்டிவிட்டால் செத்துப்போவான். அதனால், பார்த்த உடனே அவன் பயந்து ஓடுகிற மாதிரி மேலே ஒரு அடையாளம் வைக்க வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் படம்.

"பத்தாயிரம் வருஷம் கழிச்சி வர்றவன் மேல உனக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அக்கறை?" என்று கேட்டேன். "போன புயல்ல எங்க பயிரு முழுகினப்ப எட்டிப் பாக்க ஆள் இல்ல."

அவள் அதற்கும் சிரித்தாள். கரண்டு கம்பமோ செல்போன் டவரோ எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரியாத இடம் வேண்டுமாம். என் மூலையில் நின்று மேற்கே பார்த்தால் ஏரிக்கரையும் ஒற்றைப் பனையும் மட்டும்தான் தெரியும். குழி வெட்டுகிற காட்சிக்கு ஜேசிபி கொண்டுவருவதாகச் சொன்னாள். அப்போதுதான் எனக்குக் காது திறந்தது. என் வாய்க்கால் நான்கு வருஷமாக மண்மேடு தட்டிக் கிடந்தது.

"மொதல்ல வாய்க்கால தூர் எடுத்துக் குடு. அப்புறம் உன் குழிய வெட்டு."

ஒப்புக்கொண்டாள். தூர் எடுத்து முடிக்கிற வரைக்கும் கேமராவை வேனை விட்டு இறக்க விடவில்லை. இறக்கினபோது பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டச் சொன்னேன். விளக்கு, குடை, ஒயரு, ஒரு பெட்டி முழுக்க பிஸ்கட். அணு எதுவும் இல்லை. நவீன்குமார் என்று செட் போடுகிற பையன் ஒருவன் முணுமுணுத்தான்: "ஏர்போர்ட்ல கூட இப்படி செக் பண்ணமாட்டாங்க."

அந்த அடையாளத்தை அவன்தான் செய்திருந்தான். சவுக்குக் குச்சியில் சட்டம் கட்டி, அதன் மேல் தெர்மாகோல் ஒட்டி, கருங்கல் நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தான். என்னைப் போல ஒன்றரை மடங்கு உயரம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு டன் கல். தூக்கினால் ஒரு கட்டு வைக்கோல். நட்டுவைத்திருந்த இரண்டு முளைக்குச்சியின் மேல் தொப்பி மாதிரி அதை மாட்டினார்கள். முட்டைக் கண், கோரைப்பல், ரத்தச் சிவப்பில் திறந்த வாய். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை நம் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது.

"இந்தக் கை, 'நில்லு, கிட்ட வராதே'ன்னு சொல்லுது" என்றாள் அர்ச்சனா. "உலகத்துல எந்த மனுஷன் பார்த்தாலும் புரியும். மொழியே தேவையில்ல."

நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஊர்க் கோயில்களில் நிற்கிற முனிகளைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் எடுத்தார்கள், குழியையும் மூடினார்கள். அப்புறம் வேறு ஊரில் வேலை இருக்கிறதாம். ஆடி மூன்றாம் வெள்ளி திரும்பி வந்து கடைசிக் காட்சி எடுப்பார்களாம். ஆள் அரவமே இல்லாத பூமி, அதில் இது மட்டும் தனியாக நிற்க வேண்டும். அதுவரைக்கும் இதை யாரும் நகர்த்தக் கூடாது, வெயிலும் மழையும் பட்டுப் பழசாகட்டும் என்றாள். வாய்க்கால் தூர் எடுத்தாகிவிட்டது, பேச்சு பேச்சுதான். சரி என்றேன்.

மறுநாள் என் பெண்டாட்டி தையலம்மாள் கஞ்சி கொண்டுவந்தாள். அன்றோடு இரண்டு நாளாக மும்முனைக் கரண்டு இல்லை. மோட்டார் ஓடவில்லை, பயிர் வாடிக்கொண்டிருந்தது. அவள் தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைவாழியம்மன் கோயிலில் வரிசையாக முனிகள் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள். முட்டைக் கண்ணும் கோரைப்பல்லும் அவளுக்குப் புதுசு இல்லை.

"இந்தாய்யா, அந்தக் கையப் பாத்தியா? பயப்படாத, நான் கீறேன்னு சொல்றாரு."

"கிட்ட வராதன்னு சொல்லுதாம்டி. அந்தப் பொண்ணு சொல்லிச்சி."

"சாமி எங்கனா கிட்ட வராதன்னு கை காட்டுமா? பட்டணத்துப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சளை எடுத்து அதன் காலில் தடவினாள். அதே நேரம் கொட்டகையில் மோட்டார் 'ம்ம்ம்' என்று எழுந்தது. நான் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருந்தேன், கரண்டு வந்தால் தானாக ஓடும். அவளிடம் அதைச் சொன்னேன். என் வாய் அசைந்ததே தவிர அவள் காதில் எதுவும் விழவில்லை. அங்கேயே விழுந்து கும்பிட்டாள்.

மும்முனைக் கரண்டு கொடுக்கிற சாமி என்றால் எங்கள் பக்கம் சும்மா விடுவார்களா? மூன்றே நாளில் பேர் வைத்துவிட்டார்கள், கைகாட்டி முனி. எலுமிச்சம்பழ மாலை வந்தது. யாரோ பட்டுத்துண்டு கட்டினார்கள். அதெல்லாம் கூடப் பரவாயில்லை, ஆடி மாசத்துக் கிறுக்கு, ஆவணியில் போய்விடும் என்று இருந்தேன். அப்போதுதான் சாமிநாதன் வந்தான்.

சாமிநாதன் நிலம் என் நிலத்துக்குப் பின்னால். அவன் நிலத்துக்கு வண்டிப் பாதை கிடையாது. டிராக்டர் வர வேண்டுமென்றால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். என் நிலத்தில் பாதை விடு என்று முப்பது வருஷமாகக் கேட்கிறான், முப்பது வருஷமாக நான் மாட்டேன் என்கிறேன். இத்தனை நாளும் கோயில் பக்கமே போகாத ஆள் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றான். சிலையைச் சுற்றி நாலு குச்சி நட்டு மஞ்சள் கயிறு கட்டினான்.

"சுத்தபத்தமா இருக்கறவங்கதான் உள்ள வரணும்" என்றான் கூட்டத்தைப் பார்த்து. "நான் மண்டலம் வெரதம் இருக்கேன். நான் பாத்துக்கறேன்."

"சாமிநாதா, இது என் நெலம்."

"சாமி எறங்குன எடத்துல இன்னாபா ஒன் நெலம், என் நெலம்?"

"அது தெர்மாகோல்டா!"

ஐம்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தேவி என்று ஒருத்தி, எனக்கு மகள் முறை, வாயில் கை வைத்துக்கொண்டாள். "சித்தப்பா, கன்னத்துல போட்டுக்க சித்தப்பா. ஆடி மாசத்துல இன்னா பேச்சு இது?"

"தொட்டுப் பாருங்கடா, டிவி பொட்டி வரும்போது கூட வருமே, அது."

யார் தொடுவார்கள்? கயிறு கட்டியாகிவிட்டது. கயிற்றுக்குள் போன ஒரே ஆள் சாமிநாதன். அவனுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கயிறு கட்டினான்.

அர்ச்சனாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, வந்து உன் பொம்மைய எடுத்துகினு போ. சாமியாக்கிட்டானுங்க."

"ஐயோ, கிட்டயே போகக் கூடாதே! அத பார்த்தா பயம் வரணுமே ஐயா. பயமுறுத்தத்தானே செஞ்சோம்?"

"பயப்படறானுங்க. அதனாலதான் கும்புடறானுங்க. பயம் இல்லாத எதையாச்சும் எவனாச்சும் கும்புட்டு நீ பாத்திருக்கியா?"

அந்தப் பக்கம் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "ஐயா, இத நான் எழுதிக்கலாமா?" என்று கேட்டாள். என் நிலம் போய்க்கொண்டிருக்கிறது, இவள் எழுதிக்கொள்கிறாளாம். போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மழை அடித்தது. எனக்குச் சந்தோஷம். தெர்மாகோல்தானே, ஊறிப் பிய்ந்து போகும் என்று குடையோடு போய் நின்றேன். தெர்மாகோல் அப்படியே இருந்தது. வாயில் அடித்த சிவப்புப் பெயிண்ட் மட்டும் கரைந்து மார்பு வரைக்கும் வழிந்தது. அவ்வளவுதான். முனி ரத்தம் கக்குது என்று கரியமாணிக்கம் கிராமத்திலிருந்து டெம்போவில் ஆள் வந்து இறங்கியது.

மழையை நம்பினால் வேலைக்காகாது என்று விட்டுவிட்டு உரம் வாங்க பாகூர் போனேன். போன வழியில் அமீர் ஹம்சா பாய் கடைக்குள் நுழைந்தேன். சிமெண்டு, கம்பி, பெயிண்ட் எல்லாம் அவரிடம்தான் வாங்குவேன். ஓரமாக ஒரு அலமாரியில் கற்பூரம், ஊதுவத்தியும் வைத்திருப்பார்.

"வா பக்கிரி. ஒன் முனியால என் கடையில கற்பூரம் காலி. புதுச்சேரிக்கு ஆள் அனுப்பி வாங்கியாரச் சொன்னேன்."

"என் முனின்னு சொல்லாதீங்க பாய். வயிறு எரியுது."

"இன்னாபா, கோயில் கட்டப் போறாங்க, நீ இப்டி சொல்ற? வெள்ளிக்கெழம காலையில பத்து மூட்ட சிமெண்டு, ஆயிரம் கல்லு. சாமிநாதன் ஆர்டர் குடுத்துட்டுப் போனாரே."

"எங்க?"

"ஒன் மூலையிலதான். கல்ல எறக்க மெயின் ரோட்டுலேந்து கோயில் வரைக்கும் பாத போடப் போறாராம். கொம்யூன் பஞ்சாயத்துல எழுதிக் குடுத்துட்டாராம். நீயே மனசாரக் குடுத்தன்னு சொன்னாரு."

அங்கிருந்த சிமெண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "நீ குடுக்கலியா?" என்று கேட்டார்.

"நான் வெத்தலையக் கூட மனசாரக் குடுத்ததில்ல பாய்."

"அது எனக்குத் தெரியுமே! அதான் அன்னிக்கே ஆச்சரியப்பட்டேன்."

போர்வெல்லைச் சுற்றிக் கோயில். அதற்கு என் நிலத்தின் நடுவில் பாதை. அந்தப் பாதை நேராகப் போய் முடிகிற இடம் சாமிநாதன் வரப்பு. கட்டிடம் எழும்பிவிட்டால் அப்புறம் எந்தக் கோர்ட்டு வந்து இடிக்கும்? வீட்டுக்கு வந்து தையலம்மாளிடம் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "போர்வெல்ல உள்ள வச்சே கட்டட்டுமே, தீர்த்தம்னு ஆயிடும்" என்றாள். தீர்த்தத்தில் நெல் விளையுமா?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருநூறு பேர் இருப்பார்கள். மேளம், பம்பை, கூழ் அண்டா. ரோட்டோரம் ஃபிளக்ஸ் பேனர். முனி ஒரு பக்கம் கை காட்டிக்கொண்டு நிற்கிறது, மறுபக்கம் சாமிநாதன் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். சாமிநாதன் படம்தான் பெரிசு. வரப்போரம் செங்கல் இறங்கியிருந்தது. பாதைக்கு என்று என் நெற்பயிருக்குள் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தான். கதிர் பால் பிடித்து நின்ற பயிர். அதன் தலை மேல் வெள்ளையாகக் கோடு.

அதே நேரம் சினிமா வேனும் வந்தது. ஆள் அரவமற்ற பூமியை எடுக்க வந்த அர்ச்சனா, கூழ் வாங்க நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நவீன்குமார் முகத்தில் மட்டும் பெருமை வழிந்தது. அவன் செய்த எதையும் இதுவரை யாரும் விழுந்து கும்பிட்டதில்லை போலிருக்கிறது.

"நீ சொல்லும்மா, இது தெர்மாகோல்தான்னு" என்றேன் அவளிடம்.

அவள் சொன்னாள். நல்லவள்தான், மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நடுவில் நின்று பொறுமையாகச் சொன்னாள். அணு, கழிவு, பத்தாயிரம் வருஷம், எல்லாம் சொன்னாள். கூட்டம் அமைதியாகக் கேட்டது. முடிந்ததும் ஒரு கிழவர் எழுந்து, "அப்ப பத்தாயிரம் வருஷம் இங்கதான் காவல் இருப்பாருன்னு சொல்லு" என்றார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பம்பை மறுபடி ஆரம்பித்தது.

சாமிநாதன் முதல் கல்லைக் கையில் எடுத்தான். என் போர்வெல் குழாயிலிருந்து இரண்டு அடி தூரம்.

அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை. எனக்கு ஒரே ஆத்திரம். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், தூக்கிக் காட்டினால் நம்பித்தானே ஆக வேண்டும்? கயிற்றைத் தாண்டிப் போனேன். "பாருங்கடா!" என்று கத்திக்கொண்டு அதன் இடுப்பைக் கட்டி மேலே தூக்கினேன். முளைக்குச்சியை விட்டுக் கழன்று வந்தது. ஒற்றைக் கையால் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தேன்.

பம்பை நின்றது. இருநூறு பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். எலும்பும் தோலுமாக எழுபது வயது ஆள் ஒருவன் இரண்டு டன் கல்லை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் நினைத்தது ஒன்று, அவர்கள் பார்த்தது வேறு.

தையலம்மாள்தான் முதலில் கத்தினாள். "ஐயோ, எங்கூட்டு ஆளு மேல வந்துட்டாரு!"

அவ்வளவுதான், குலவை கிளம்பியது. பம்பைக்காரன் புத்தி தெளிந்து இரண்டு மடங்கு வேகமாக அடிக்க ஆரம்பித்தான். யாரோ என் காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். தேவி என் எதிரில் கை கட்டி நின்று, "யாரு வந்திருக்கீங்க? இன்னா வேணும் சாமி?" என்று கேட்டாள்.

பத்து நாளாக நான் உண்மையைச் சொன்னேன். ஒருத்தனும் கேட்கவில்லை. இப்போது என்ன வேண்டும் என்று என்னையே கேட்கிறார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

"ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம் போட்டேன். என் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. "எனக்கு இந்த எடம் புடிக்கலடா!"

"எங்க போறீங்க சாமி?"

"மோட்டார் சத்தத்துல தூக்கம் வரலடா! நான் சாமிநாதன் நெலத்துக்குப் போறேன்டா!"

சாமிநாதன் கையிலிருந்து கல் கீழே விழுந்தது. "டேய் பக்கிரி!" என்றான்.

"யார்ரா டேய்னு கூப்புடறது?" என்று கூட்டமே அவன் மேல் பாய்ந்தது.

நான் வரப்பைத் தாண்டி அவன் நிலத்தில் இறங்கிவிட்டேன். அவன் மல்லாட்டை போட்டிருந்தான், வேர்க்கடலை. நல்ல விளைச்சல். கூட்டம் முழுக்க என் பின்னால் வந்தது. பம்பை, கூழ் அண்டா, கேமரா எல்லாம் கடலைச் செடி மேல் நடந்து வந்தன. பாதி தூரம் போனதும் தோள் விண்ணென்று வலித்தது, ஆனால் இறக்க முடியுமா? இரண்டு டன்னைத் தூக்கியவன் ஒரு கட்டு வைக்கோலுக்கு மூச்சு வாங்கக் கூடாது. நிலத்தின் நட்டநடுவில் போய் இறக்கிவைத்தேன்.

"இங்கதான்டா இருப்பேன்! எனக்கு வழி ஏரிக்கரைப் பக்கம்தான்டா! பக்கிரி பயிர மிதிச்சி வர்றவன் கால ஒடப்பேன்டா!"

"சரிங்க சாமி! சரிங்க சாமி!"

சாமிநாதன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். நெற்றி விபூதி வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. "அது தெர்மாகோலுய்யா! எனக்குத் தெரியும்! நான்தான் கிட்டப்போய் பாத்தேனே, தெர்மாகோலு!" என்று கத்தினான்.

"சித்தப்பா, கன்னத்துல போட்டுக்க" என்றாள் தேவி. அவளுக்கு ஊரில் எல்லோரும் சித்தப்பாதான்.

ஒருவன் என் முகத்துக்கு நேராக எலுமிச்சம்பழம் காட்டினான். சாமி என்னை விட்டு மலையேற வேண்டுமாம். பொத்தென்று விழுந்தேன். விழும்போது கல் இல்லாத இடமாகப் பார்த்து விழுந்தேன்.

கண்ணைத் திறந்தபோது அர்ச்சனா தண்ணீர் பாட்டிலோடு குனிந்திருந்தாள். கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, உண்மையிலேயே சாமி வந்துச்சா?"

"உன் படத்துல இன்னான்னு போடப் போற?"

"தெரியலீங்க. என் படமே தலைகீழாப் போச்சு. கிட்ட வராதேன்னு ஒரு அடையாளம் வச்சேன். பத்து நாள்ல இருநூறு பேர் வந்துட்டாங்க. இனிமே என்ன அடையாளம் வைக்கறதுன்னே புரியல."

"இன்னாத்துக்கு அடையாளம்? அந்தக் கழிவு வராத மாதிரி பாத்துக்க."

 அவள் கேமராக்காரனைக் கூப்பிட்டு முனியின் மேல் கேமராவைத் திருப்பச் சொன்னாள். படம் வெளிவந்ததா, என் முகம் அதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றாள். அனுப்பமாட்டாள்.

அன்று மத்தியானம் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பயிர் மேலிருந்த சுண்ணாம்பைக் கழுவினேன். தையலம்மாள் கூடவே ஊற்றினாள்.  கடைசியில், "ஒண்ணு கேக்கவா? கோவிச்சிக்க மாட்டியே?" என்றாள். 'நீ' என்று கூப்பிடலாமா, 'நீங்க' என்று கூப்பிட வேண்டுமா என்ற சந்தேகம் அவள் முகத்தில் தெரிந்தது. காலையில் பேசியது சாமியா நானா என்பதை நான் தெளிவுபடுத்தவில்லை. கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் என்னிடம் கோவிச்சிக்க மாட்டியே என்று கேட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை சாமிநாதன் வந்தான். நெற்றியில் விபூதி இல்லை. அவன் கடலை நிலத்தில் இப்போது நாலு குச்சி நட்டு மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்குள் கால் வைக்க அவனையே விடவில்லையாம்.

"பக்கிரி, உள்ளத சொல்லு. அது எங்கனா கெளம்புமா?"

"கேட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"எப்ப கேப்ப?"

"அறுப்பு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போனேன்.